துறைமுகத்தில் நான் நிறுத்திய தூண்

இங்கே பாருங்கள்,

நாற்பத்தொரு வருடம் உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வந்ததில்லை. ஊரே 'அண்ணாச்சி' என்று அழைக்கிற மனிதரை நானும் அப்படி அழைக்க முடியுமா? 'இங்க பாருங்க' என்றால் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு கண்ணால் பார்ப்பீர்கள். இப்போதும் அப்படியே பாருங்கள், ஒரு கண் போதும். சொல்ல வேண்டியது பெரிய விஷயம். ஆனாலும் மேடையில் நீங்கள் வளர்த்துகிற மாதிரி வளர்த்தாமல் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் உங்களுக்கு நினைவுத் தூண் கட்டி முடித்துவிட்டார்கள். எண்பது அடி உயரம், அடியில் இருபத்தைந்து அடி அகலம், உச்சியில் உங்கள் முகம் பதித்த வட்டம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா, மந்திரி வருகிறார் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். "அண்ணாச்சியப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதுங்கம்மா" என்றார்கள். உட்கார்ந்து எழுதினால் வருவது இதுதான். இதை மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும். அதனால் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். ஊரும் படிக்கட்டும்.

அந்தத் தூண் நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறது. இடத்தைக் கை நீட்டிக் காட்டியது நான்.

முதலில் சிலை என்றுதான் பேச்சு எடுத்தார்கள். விழாக் குழுவுக்கு நம் சங்கர்தான் செயலாளர். அப்பாவுக்குச் சிலை என்றதும் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் வேண்டாம் என்றேன். நம் பக்கத்துச் சிலைகள் எப்படி நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரியாதா? வைத்த மறுவருடமே சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டு மாட்டிவிடுகிறார்கள். பிறந்த நாளுக்கும் இறந்த நாளுக்கும் திறந்து மாலை போடுவார்கள். மற்ற நாளெல்லாம் நீங்கள் கம்பி வழியாக மீன் ஏலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியாது. அதைச் சொன்னபிறகு தூண் என்று மாற்றினார்கள். தூணுக்குக் கூண்டு போட மாட்டார்களே என்று நானும் சம்மதித்தேன்.

எங்கே கட்டுவது என்று இன்ஜினியர் கேட்டார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் அப்பா உப்பு மூட்டை அடுக்கி வைத்த பழைய கிட்டங்கி இருந்த இடம், தண்ணீரில் இருந்து முப்பது அடி தள்ளி. கூரை விழுந்து, சுவர் இடிந்து, தரை மட்டும் மிச்சம். அந்தத் தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஏலம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து மனு வாங்குவீர்களே, அந்த இடம். இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய், "இங்கனதான், இதே எடத்துலதான்" என்று காலால் தட்டிக் காட்டினேன். கட்சிக்காரர் ஒருவர், "கடல்ல இருந்து பாத்தா அண்ணாச்சி நல்லாத் தெரிவாகளா?" என்று கேட்டார். "முன்னால மறைக்கதுக்கு ஒண்ணுமே இல்லயே" என்றார் இன்ஜினியர். எல்லோருக்கும் சந்தோஷம். தூண் எதை மறைக்கும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் கடலுக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லை.

நீங்களும் கடல் தெரியாதவர்தான். சேரன்மகாதேவியில் வாய்க்காலில் குதித்து வளர்ந்த பையன், என் அப்பா கிட்டங்கியில் கணக்கெழுத வந்தவர். முதல் வாரமே வள்ளத்தில் ஏறி, கரை மறைவதற்கு முன்பே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தீர்கள். அதற்கப்புறம் செத்தாலும் ஏற மாட்டேன் என்று கரையில் நின்றே கடலைப் படித்தீர்கள். மணிமுத்தாற்றில் தண்ணீர் திறந்து இங்கே கழிமுகம் செம்மண் நிறமாகக் கலங்கினால், "எங்க ஊர்த் தண்ணி வந்துட்டு பாத்தியா" என்று ஏதோ சொந்தக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கிய மாதிரி சொல்வீர்கள். மீனவர்கள் உங்களைக் 'கரைக்காரர்' என்று கேலி செய்வார்கள். ஆனாலும் அவர்களுக்காக எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினீர்கள். அலைத்தடுப்புச் சுவர், ஏலக்கூடம், வலை பின்னக் கொட்டகை. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தத் தூண்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்ல வேண்டும். நம் துறையின் வாசலில் தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் பாறை கிடக்கிறது. இங்கே அதைப் 'பார்' என்பார்கள். இரண்டு பாருக்கும் நடுவில் ஒரு வள்ளம் போகிற அளவுக்குத்தான் வழி. கடலில் இருந்து திரும்புகிறவர்கள் கரையில் இரண்டு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஐஸ் கம்பெனித் தண்ணீர்த்தொட்டி முன்னால், மாதா கோயில் சிலுவை அதற்குப் பின்னால். சிலுவை தொட்டிக்கு நேர் மேலே நின்றால் வழியில் இருக்கிறோம். விலகினால் விலகிய பக்கத்துப் பாரில் மோதுவோம். இவ்வளவுதான் கணக்கு. "மாதாவும் ஐஸ் கம்பெனியும் கூட்டணி வச்சுக் காப்பாத்துத ஊரு இது" என்று நீங்கள்கூட ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லிக் கைதட்டு வாங்குவீர்கள்.

தூண் இருபது அடி ஏறியிருந்தபோது சூசை வீட்டுக்கு வந்தார். உங்கள் சிநேகிதர் சூசை, உங்களுக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போடாத சிநேகிதர். எதிர்க்கட்சிக்குக் கொடி பிடித்துவிட்டு, சாயங்காலம் நம் வீட்டில் வந்து உட்கார்ந்து உங்களோடு கருப்பட்டிக் காபி குடிக்கிற, அண்ணி முறை வைத்து என்னை 'மைனி' என்கிற ஆள். உங்கள் படத்துக்கு நேராக உட்கார மனமில்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"மைனி, ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லுங்க சூசை. ஒங்கள என்னிக்குக் கோவிச்சிருக்கேன்?"

"தூணு இன்னும் ஏறிச்சின்னா சிலுவையும் தொட்டியும் அதுக்குப் பின்னால போயிரும். அது ரெண்டும் மறஞ்சிட்டுன்னா நாங்க எங்கன நிக்கோம்னு எங்களுக்கே தெரியாது. அண்ணாச்சிக்குப் பத்துத் தூணு வேணாலும் வைங்க, யாரு வேண்டாங்கா? கொஞ்சம் தெக்க தள்ளி வைங்கன்னுதான் சொல்லுதேன்."

"சங்கர்கிட்ட சொல்லுதேன்" என்றேன்.

சொன்னேன். அரை வாயாகச் சொன்னேன். "எல்லார் கையிலயும் ஜிபிஎஸ் இருக்கும்மா, இன்னும் தொட்டியப் பாத்துட்டா வாராக? அவரு எதிர்க்கட்சிக்காரரு, அப்படித்தான் சொல்லுவாரு" என்றான் சங்கர். இதைச் சூசையிடம் பிறகு சொன்னபோது அவர் சிரித்தார். "அலை மடக்குத எடத்துல ஒரு கை எஞ்சின்ல, ஒரு கை தண்ணி எறைக்கதுல இருக்கும் மைனி. செல்போனப் பாக்க மூணாவது கை எங்க போக?" என்றார். அதையும் நான் கேட்டுக்கொண்டேன். சங்கரிடம் மறுபடி சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரும் கேட்கும். உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தத் தூண் பிடித்திருந்தது. நீங்கள் போனபிறகு இந்த வீட்டு வாசலில் செருப்புச் சத்தமே இல்லாமல் போயிற்று. என்னை யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை. தூண் எழும்ப ஆரம்பித்ததும் தினமும் சாயங்காலம் கிளம்பிப் போவதற்கு எனக்கு ஓர் இடம் கிடைத்தது. கொத்தனார் நாற்காலி போடுவார், "இன்னிக்கு நாலு அடிம்மா" என்பார். நீங்கள் வளர்ந்துகொண்டே வருவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் சாரத்தைப் பிரித்தார்கள். அடுத்த நாள் காலையில், எட்டு மணி வெயிலில், சூசையின் வள்ளம் வடக்குப் பாரில் மோதி இரண்டாகப் பிளந்தது.

மற்ற யாராவது என்றால்கூட வயசு பத்தாது, அனுபவம் பத்தாது என்று சொல்லியிருப்பார்கள். சூசை! கண்ணைக் கட்டிவிட்டாலும் துறைக்குள் வருவேன் என்று உங்களிடம் பந்தயம் கட்டியவர். தூண் ஏறின பிறகு அலை இல்லாத நாட்களில் கழியால் ஆழம் பார்த்துச் சமாளித்திருக்கிறார்கள்; அன்றைக்குத் தென்மேற்குக் கச்சான் காற்று, அலை பெரிதாக இருந்திருக்கிறது. தூணுக்குப் பின்னால் சிலுவை தெரியாமல் போக, அதைத் தேடி வடக்கே சில அடி விலகியிருக்கிறார். சிலுவை தெரிந்ததும் பாறையும் வந்துவிட்டது. கூடப் போன பனிமயம் நீந்தி வந்துவிட்டார். சூசைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, விலாவில் இரண்டு எலும்பு நொறுங்கி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

நான் பார்க்கப் போனேன். கை நிறைய ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. சூசை என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, வலி தாங்காமல் சாய்ந்தார்.

"தூணு நல்லாத்தான் இருக்கு மைனி" என்றார். "நான்தான் பைய வந்திருக்கணும்."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். திட்டியது அவர் மனைவி மரியம்மாள். வராந்தாவில் என்னை நிறுத்தி, சத்தம் போடாமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தவரைக்கும் எங்களுக்கு வழி மறிச்சதில்லக்கா. செத்த பெறகு வந்து நிக்காரு. நடுவாசல்ல நிக்காரு."

அந்த வராந்தாவில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் ஏன் செத்துப்போனீர்கள் என்று கோபம். இருந்திருந்தால் இந்தத் தூணும் இல்லை, இந்த ஆஸ்பத்திரியும் இல்லை. ஆரஞ்சுப்பழப் பையை அங்கேயே கொடுக்க மறந்து, வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் பனிமயத்தைத் தேடிப் போனேன். என்னை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றேன். அவர் தயங்கினார். உப்பு வியாபாரி மகளாகக் கடற்கரையில் பிறந்தும், நான் வள்ளத்தில் ஏறினதில்லை. பெண்பிள்ளை என்று எங்கள் வீட்டில் ஏறவும் விட மாட்டார்கள், துறையில் ஏற்றவும் மாட்டார்கள்.

"சங்கர் அண்ணன் என்னக் கொல்லுவாகம்மா."

"அவன நான் பாத்துக்கிடுதேன். நீ எஞ்சினப் போடு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பாரைத் தாண்டி வெளியே போய், வள்ளத்தைத் திருப்பினார். கரை முழுக்க என் கண்ணுக்கு முன்னால். இத்தனை வருடம் நான் நின்ற இடத்தை முதல் தடவையாக எதிர்ப்பக்கம் இருந்து பார்க்கிறேன். பனிமயம் கை காட்டினார்.

"இப்பச் சிலுவ தெரியுதாம்மா?"

"தெரியுது."

"தொட்டி எங்க இருக்கு?"

"அந்தால, தனியா நிக்கி."

"ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு இல்லல்லா? அப்ப இது தப்பான எடம். கீழ பாருங்க."

கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. ஒரு கை ஆழத்தில் பாறையின் கறுப்பு தெரிந்தது. அங்கேதான் சூசையின் வள்ளம் உடைந்தது என்றார். பிறகு வள்ளத்தைப் பைய நகர்த்தினார். சிலுவை தூணின் ஓரத்தைத் தொட்டது. பின்னால் போயிற்று. தொட்டியும் போயிற்று.

"இப்ப என்ன தெரியுது?"

"தூண்தான் தெரியுது."

"இப்ப நாம வழியிலயும் இருக்கலாம், பாரு மேலயும் இருக்கலாம். நானே சொல்ல முடியாதும்மா."

எஞ்சினை நிறுத்திவிட்டு, மூங்கில் கழியை எடுத்து ஆழம் பார்த்துப் பார்த்து என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்கு அலை இல்லை, அதனால் முடிந்தது. வருகிற வழியெல்லாம் எதிரே நீங்கள்தான். வெள்ளையாக, உயரமாக, சிரித்த முகத்தோடு. உங்களைத் தவிர வேறு ஒன்றுமே தெரியவில்லை. உங்களைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. நாற்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. கரைக்கு வந்து இறங்கும்போது நானும் வாந்தி எடுத்தேன். உங்களைக் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே குழுவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எட்டுப் பேர் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். உங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். ஒருவர், "வெள்ள நெறம் கண்ணக் கூசுது போல, வேற பெயிண்ட் அடிச்சிருவோம்" என்றார். உடனே என்ன நிறம் என்று பேச்சு ஆரம்பித்தது. சிவப்பு ஒரு கட்சிக் கொடியில் இருக்கிறது, பச்சை இன்னொன்றில், நீலம் வேறொன்றில். காவி வேண்டவே வேண்டாம். மஞ்சள் என்றால் அந்தக் கூட்டணியா என்று கேட்பார்கள். ரோஸ் கலர் யாருக்கும் சொந்தமில்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார். அரை மணி நேரம் ரோஸ் கலர் ஓடியது. நிறத்தில் ஒன்றும் இல்லை, மறைப்பதுதான் விஷயம் என்று நான் கத்தின பிறகு, மூத்தவர் ஒருவர் ரொம்ப யோசித்து, "அப்பம் மாதா கோயில் சிலுவையக் கொஞ்சம் ஒசத்தச் சொன்னா என்ன?" என்றார். சிரிப்பதா, எழுந்து உள்ளே போவதா என்று தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் மேசைக்கடியில் என் காலை மிதித்திருப்பீர்கள்.

எல்லோரும் போனபிறகு சங்கர் மட்டும் இருந்தான்.

"அம்மா, மந்திரி தேதி குடுத்தாச்சு. இத நல்லா நடத்திக் காட்டுனா இந்தத் தடவ எனக்குச் சீட்டுன்னு சொல்லிருக்காக. விழா முடியட்டும். பெறகு பாப்போம்."

"பெறகுன்னா? இன்னொருத்தன் வந்து மோதின பெறகா?"

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிலே சொல்ல?"

மூன்று தடவை இந்தப் பேச்சு நடந்தது. மூன்று தடவையும் அவன் எழுந்து போனான். அவன் கெட்டவன் இல்லை. சூசையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று முழுக்க அவன்தான் அங்கே நின்றான். உங்கள் பெயருக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்கிற ஆசை அவனுக்கு. பதினைந்து வருடமாக உங்களுக்குப் பின்னால் துண்டையும் பையையும் தூக்கிக்கொண்டு நடந்த பிள்ளை. இப்போதுதான் தன் பெயரைச் சுவரொட்டியில் பார்க்கிறான். அதைக் கிழிக்கிற தாயாக இருக்க எனக்கு மட்டும் ஆசையா?

ஆனால் இந்த வீட்டு மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை அவர்கள் செய்திருந்தார்கள். இடம் என் பெயரில். அதைக் குழுவுக்குத் தானமாக எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. 'அம்மா எடம்தானே, கையெழுத்து எங்க போயிரும்' என்று எண்பது அடியையும் கட்டி முடித்துவிட்டார்கள். பத்திரம் பதியாமல் மந்திரி திறக்க முடியாது என்று யாரோ சொன்னபிறகுதான் அவசரம் அவசரமாகத் திங்கள்கிழமைக்கு ஏற்பாடு செய்தார்கள்.

திங்கள்கிழமை காலையில் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டுச்சேலை கட்டச் சொன்னான் சங்கர், கட்டினேன். பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம். பத்திரத்தில் உங்கள் பெயரும் என் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. சாட்சிகள் இரண்டு பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். பதிவாளர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத் தலை நிமிராமலே என்னிடமும் கேட்டார்.

"ஒங்க முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கீங்களாம்மா?"

"இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்னீங்க?" என்றார். "எனக்குச் சம்மதம் இல்ல" என்று திரும்பச் சொன்னேன். நல்ல சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், வெளியே பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். சங்கரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றோம். கட்சிக்காரர்கள் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இத வீட்டுலயே சொல்லிருக்கலாம்லா?"

"வீட்டுல மூணு தடவ சொன்னேன்லே."

"அப்பா பேர எறக்கச் சொல்லுதியேம்மா. ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சா ரெண்டு நாளு சிரிக்கும். அந்தப் பாருல ஒருத்தன் செத்தான்னா, அவன் பொண்டாட்டி ஒங்கப்பா பேரச் சொல்லித்தான்லே மண்ண வாரித் தூத்துவா. எது பெருசுன்னு நீயே சொல்லு."

அவன் கார்க் கதவைத் திறந்து என்னை உட்கார வைத்து, டிரைவரிடம் வீட்டில் விடச் சொல்லிவிட்டு, வெயிலில் நடந்து போய்விட்டான். அன்று முதல் வீட்டில் சாப்பிடவில்லை. எங்கே சாப்பிடுகிறான் என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'சரியாச் செஞ்சே கோமதி' என்று சொல்லியிருப்பீர்கள் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உங்களுக்கு உங்கள் பெயர் மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பஸ் நிறுத்த நிழற்குடையில் பெயரைச் சின்னதாக எழுதிவிட்டார்கள் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் நீங்கள். தப்பு செய்தால் ஊருக்கு முன்னால் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்து, இலையில் மோர் ஊற்றுகிற நேரம் பார்த்து, "இன்னிக்கு நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது, என்ன?" என்று என்னிடம் மட்டும் கேட்பீர்கள். 'ஆமா' என்பேன். அதோடு அது முடிந்துவிடும். உங்கள் தப்புகளை எல்லாம் நான் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றினேன். என் தப்பை அப்படி வைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை. அதில் ஒரு ஆளின் எலும்பு முறிந்திருக்கிறது.

அதனால் ஊருக்கு முன்னால் சொல்கிறேன். இடம் காட்டியது நான். சூசை வந்து சொன்ன பிறகும் பேசாமல் இருந்தது நான். சங்கரோ இன்ஜினியரோ குழுவோ இல்லை. சூசையிடமும் மரியம்மாளிடமும் நேரில் போய்ச் சொன்னேன். மரியம்மாள் இந்தத் தடவை உட்காரச் சொன்னாள்.

நேற்று மத்தியானம் காண்டிராக்டர் போன் செய்தார். "சின்ன அண்ணாச்சி சொல்லிட்டாகம்மா. மந்திரி வரல. வெள்ளிக்கிழம காலையில ஆளு அனுப்புதேன். மேலருந்து ஒவ்வொண்ணா எறக்கணும். அடி மேடய மட்டும் விட்டுரலாம்லா, ஒரு ஆளு ஒசரத்துக்கு?" என்று கேட்டார். விட்டுவிடுங்கள் என்றேன்.  அவர் சின்ன அண்ணாச்சி என்றது சங்கரை; அவன் என்னிடம் இதைச் சொல்லவில்லை. சீட்டு போய்விட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவன் வெள்ளிக்கிழமை துறைக்கு வருவானா, அதுவும் தெரியவில்லை. அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்து மூடி வைத்திருக்கிறேன். வந்தால் சாப்பிடட்டும்.

நான் சரியாகத்தான் செய்தேனா? காலையில் எழுந்ததும் சரி என்று தோன்றுகிறது. பத்து மணிக்கு வாசலில் சுவரொட்டி கண்ணில் பட்டதும் தப்பு என்று தோன்றுகிறது. தூணை இறக்கினால் உங்களை மறுபடி ஒருமுறை இழப்பேன் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் 'இல்ல' என்று சொன்னேன். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று, பெண்கள் வரக் கூடாது என்று என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பறைச் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் நின்று கேட்டேன். உங்களை எப்படி வைத்தார்கள், யார் கடைசியாக முகத்தைப் பார்த்தார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை என் கையைப் பிடிக்க யாரையும் விட மாட்டேன். விடிவதற்கு முன்னால் போய்விடுவேன். உச்சியில் இருக்கிற உங்கள் முகத்தை முதலில் இறக்கச் சொல்லியிருக்கிறேன், அதை நானே கையில் வாங்குவேன். கடைசிக் கல் இறங்குகிற வரைக்கும் உங்களோடுதான் இருப்பேன்.

இந்த முறை உங்களைக் கடைசி வரைக்கும் கொண்டுவந்து விடுகிற,
உங்கள் மனைவி
கோமதி